ஹாலில் ஓர் உப்பளம்

போன ஞாயிற்றுக்கிழமை காலை, மரக்காணத்திலிருந்து என் மச்சினிச்சி செல்வி போன் செய்தாள்.

"மாமா, தொட்டி மீனு சாகப்போவுது. ஒடனே வாங்க."

குரலில் அழுகை. பாண்டியில் பஸ் ஏறினேன். வழி நெடுக அவள் புருஷன் குமார் மீதுதான் எரிச்சல்.

குமார் என் சகலை. உப்பளம் வைத்திருக்கிறார். நல்ல மனுஷன்தான். ஆனால் 'ஒரிஜினல்' என்று யாராவது சொல்லிவிட்டால் போதும், புத்தி வேலைநிறுத்தம் செய்துவிடும். செக்கு எண்ணெய், மலைத் தேன், நாட்டு முட்டை... எதை நீட்டினாலும் வாங்குவார்.

செல்வி ஆசைப்பட்டு ஹாலில் கடல் மீன் தொட்டி வைத்தாள். பண்ணையில் பொரித்து வளர்த்த கோமாளி மீன் ஒரு ஜோடி. ஆள் வந்தால் கண்ணாடி ஓரம் ஓடி வந்து நிற்கும். போட்ட குருணைத் தீனியைத் தின்னும். குமாருக்குப் பிடிக்கவில்லை. "இது பிராய்லர் மீனு" என்றார். கடைக்குப் போய், பவளப்பாறையில் பிடித்த அதே ஜாதி மீன் ஒன்றை வாங்கி வந்தார். "சார் மாதிரி விஷயம் தெரிஞ்சவங்கதான் இத கேட்டு வாங்குவாங்க" என்றாராம் கடைக்காரர். அப்புறம் கேட்கவா வேண்டும்?

நான் போனபோது அந்த மீன் தொட்டியின் மூலையில் சாய்ந்து கிடந்தது. செவுள் படபடவென்று அடித்துக்கொண்டிருந்தது. வந்த நாளிலிருந்து ஒரு வாய் தின்னவில்லை என்றாள் செல்வி.

"நாட்டுக்கோழி மாதிரி சகல, எதையும் தாங்கும்" என்றார் குமார். "நம்ம உப்பள வாய்க்கா மீனு எந்த உப்புலயும் நிக்குதில்ல?"

என்ன அறிவு! வாய்க்கால் மீன் இந்த ஊர்க்காரன். இதுவோ எங்கோ பாறை இடுக்கில் இருந்தது. வலையில் மாட்டி, பாலிதீன் பையில் அடைபட்டு, பார்சலாக வந்திருக்கிறது. உயிருள்ள இரையையே தின்று பழகியதற்கு, அந்தக் குருணை சாப்பாடு என்றே தெரியாது. பண்ணை மீனுக்குக் கண்ணாடிதான் ஊர், குருணைதான் வீட்டுச் சாப்பாடு. அது போகட்டும் — நாட்டுக்கோழியை மட்டும் காட்டிலா பிடிக்கிறார்கள்? அதுவும் கொல்லையில் வளர்த்ததுதானே?

தொட்டி விளிம்பில் வெள்ளையாகப் படிந்திருந்தது. தொட்டு நாக்கில் வைத்தேன். உப்பு.

"தண்ணி கொறஞ்சா என்ன ஊத்துறீங்க?"

"கடல் தண்ணிதான். நானே கேன்ல புடிச்சிட்டு வரேன். ஒரிஜினலாச்சே!"

தண்ணீர் ஆவியாகிவிடும், உப்பு தங்கிவிடும், மறுபடி கடல் நீரைப் பாய்ச்சு... உப்பளத்தில் வேறென்ன செய்கிறார்கள்? குறைந்த அளவுக்கு நல்ல தண்ணீரை ஊற்றியிருக்க வேண்டும். இவர் ஹாலிலும் பாத்தி கட்டிவிட்டார்!

"பாத்தித் தண்ணியில எவ்ளோ உப்புன்னு டிகிரி பாக்கற மீட்டர் இருக்கே, அத ஒரு தடவ இதுல வுட்டுப் பாத்தீங்களா?"

"அது உப்புக்கு, சகல."

பளார் என்று ஒன்று விடலாம் போலிருந்தது. செல்வியும் நானும் டம்ளர் டம்ளராக நல்ல தண்ணீரைச் சேர்த்தோம். "கடல்லயே வுட்டுடலாமா மாமா?" என்று கேட்டாள். எந்தக் கடலில் விடுவது? இங்கே மணலும் சேறும். அதன் பாறை எங்கே இருக்கிறதென்று விற்றவனுக்கே தெரியாது.

மத்தியானம் அது மல்லாந்துவிட்டது. செல்வி முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, பண்ணை ஜோடிக்குக் குருணை போட்டாள். இரண்டும் சோர்ந்துதான் இருந்தன. ஆனாலும் மேலே வந்து தின்றன.

குமார் செத்த மீனையே முறைத்துக்கொண்டு நின்றார்.

"ஏமாத்திட்டான் சகல. இது பண்ணை மீனுதான். நெஜமாவே கடல்ல புடிச்சதா இருந்தா செத்திருக்குமா?"

மீன்தான் போனது. அவர் நம்பிக்கைக்கு ஒரு குறையும் இல்லை — அது எந்த உப்பிலும் நிற்கும்.