வரம்பில் இருந்த நான்கு முட்டைகள்

எங்கள் ஊரில் மழை எப்போது வரும் என்று என்னைத்தான் கேட்பார்கள். துணுக்காய்ப் பக்கத்தில், குளத்தோரமாக வீடு. எறும்பு முட்டை காவிக்கொண்டு போவதையும் தும்பி தாழப் பறப்பதையும் பார்த்துச் சொல்லிவிடுவேன். நாலு தடவை பலித்தும் விட்டது. பிறகு என் தலைக்கனத்துக்குக் கேட்கவா வேண்டும்.

அந்தப் புரட்டாதியில் என் வயல் வரம்பின் உச்சியில் ஆட்காட்டிக் குருவி நான்கு முட்டைகளோடு இருந்தது. ஆட்காட்டி மேட்டில் முட்டையிட்டால் பெருமழை, பள்ளத்தில் இட்டால் வறட்சி என்பது எங்கள் பக்கத்தில் எல்லோரும் நம்புவது.

அடுத்த வயல்காரி மலையகத்திலிருந்து வந்து குடியேறிய குடும்பத்துப் பெண், புருஷன் இல்லை. வேலியோரம் வந்து கேட்டார்.

"அண்ணே, இப்பவே புழுதியில வெதைச்சிரலாமா? இருக்கிறது இந்த ரெண்டு மூட்டை வெதை நெல்லுதான்."

"பயப்பிடாம விதையுங்கோ. ஆட்காட்டி மேட்டில கிடக்கு. மழை துரத்திக்கொண்டு வரும்," என்றேன்.

விதைத்தார். ஒரு தூறல் வந்து நெல்லை முளைக்க வைத்தது. பிறகு இரண்டு வாரம் வெயில். முளைகள் கருகின, மிச்சத்தை மயில்கள் பொறுக்கின. என் வயலுக்குக் கிணறும் மோட்டரும் இருந்தன. அவருக்கு வானம் மட்டும்தான்.

சாப்பிடும்போது அந்தக் குருவியைத் திட்டினேன். மனைவி நிமிராமலே சொன்னாள்: "அது பள்ளத்துக்குள்ளதான் இட்டது. உழவு மெசின் மிதிச்சுப்போடும் எண்டு நான்தான் தூக்கி வரம்பில வைச்சனான்."

பாதியில் எழுந்து கை கழுவினேன். உண்மையைச் சொல்லிவிட வேண்டும் என்றுதான் மறுநாள் காலை வேலிக்குப் போனேன். அவர் மண்வெட்டியோடு நின்றார்.

"உங்களக் குத்தம் சொல்ல மாட்டேன் அண்ணே. அந்தக் குருவிதான் ஏமாத்திருச்சு."

வாயைத் திறந்தேன். "ஓம், குருவிதான்" என்றுதான் வந்தது.

அவர் என் வரம்பில் ஏறினார். குருவி கத்திக்கொண்டு அவர் தலையைச் சுற்றிச் சுற்றிப் பறந்தது; காயம்பட்டதுபோல் சிறகை இழுத்து நடித்துக்கூடப் பார்த்தது. மண்வெட்டியைத் திருப்பிப் பிடித்து நாலு அடி. உடைந்த ஓட்டுக்குள் குஞ்சுகள் காலும் அலகுமாக இருந்தன. நான் தடுக்கவில்லை. வெட்கமாக இருந்தது. அந்த அடி என்மேல் விழவில்லையே என்ற நிம்மதி அதைவிடப் பெரிதாக இருந்தது.

மண்வெட்டியைப் புல்லில் துடைத்துவிட்டு அவர் கேட்டார்: "இனி எப்ப அண்ணே மழை?"

நான் வானத்தைப் பார்த்தேன். ஒரு முகில்கூட இல்லை.

"வெள்ளிக்கிழமை," என்றேன்.

அவர் காதிலிருந்த தோட்டைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். பிறகு, மறுபடி விதைநெல் வாங்கப் பஸ்ஸுக்குப் போனார்.