வாசமில்லாத தேத்தண்ணி

கனடாவில் எங்கள் வீட்டுத் தேத்தண்ணிக்கு வாசமே கிடையாது. வெந்நீரைக் குடித்தது போலத்தான் இருக்கும். இலங்கையில் கலஹா தேயிலைத் தோட்டத்தில் பிறந்தவனிடம் இந்த வித்தை பலிக்குமா? என் மனைவி சரோஜா மலிவுத் தூளை வாங்கி, ஊர்த் தூள் டின்னில் கொட்டி வைக்கிறாள் என்று முடிவு கட்டினேன். அவள் என் கண்முன்னே பொட்டலத்தைப் பிரித்துக் காட்டிச் சத்தியமும் செய்தாள். சத்தியம் செய்கிறவளைத்தான் முதலில் சந்தேகப்பட வேண்டும். கடைசியில், இப்படியே போனால் மகள் வீட்டோடு போய்விடுவதாகச் சொல்லிவிட்டாள்.

இந்தத் தேத்தண்ணிச் சண்டை தொடங்குவதற்குக் கொஞ்ச நாள் முன்புதான் வேலைத்தல வாசலில் பனியில் வழுக்கி, பின்மண்டை அடிபட விழுந்திருந்தேன். ஆஸ்பத்திரியில் டாக்டர் என்னைக் கண்ணை மூடச் சொல்லி, மூக்கருகே ஒரு குப்பியைப் பிடித்து, என்ன வாசம் என்று கேட்டார். ஒன்றும் தெரியவில்லை. மண்டை கலங்கியவன் என்று எழுதி வேலையை விட்டுத் தூக்கப் பார்க்கிறார்கள், நமக்கா தெரியாது! ஒற்றைக் கண்ணை மட்டும் திறந்து பார்த்தேன். கோப்பித் தூள். வாசம் போன பழைய தூள் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டு, "கோஃபி" என்றேன். டாக்டர் "வெரி குட்" என்று எழுதிக்கொண்டார்.

சரோஜாவின் குட்டை உடைக்கவே ஊருக்கு வந்தேன். பேராதனையில் கலஹா பஸ் ஏறினேன். தேயிலை ஃபெக்டரி வளைவில் வதங்கும் கொழுந்தின் வாசம் முகத்தில் அடிக்கும். சின்ன வயதில் பஸ்ஸில் தூங்கினாலும் அங்கேதான் விழிப்பேன். வளைவு வந்தது, வாசம் வரவில்லை. ஃபெக்டரியை எப்போது மூடினார்கள் என்று பக்கத்து சீட்டில் இருந்த ஓர் அம்மாவிடம் கேட்டேன்.

"யாரு சொன்னா? இந்தா, வாசம் மூக்கத் தொளைக்குதே. ஒங்களுக்குத் தெரியலையா?"

இவளும் சரோஜாவுக்குக் கூட்டோ என்று ஒரு கணம் நினைத்தேன். அப்போதுதான் ஃபெக்டரிக் கூரைக்கு மேலே புகை தெரிந்தது. ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டி மூச்சை இழுத்துப் பார்த்தேன்.

அக்கா வீட்டில் கொடுத்த தேத்தண்ணியும் வெந்நீர் போலத்தான் இருந்தது. குடித்துவிட்டுச் சரோஜாவுக்குப் போன் போட்டேன்.

"ஊர்த் தேத்தண்ணி எப்புடிங்க இருக்கு?" குரலில் பயம்.

"இதுலயும் வாசம் இல்ல சரோ. நீ ஒண்ணும் மாத்தல. பனியில விழுந்ததுல எம் மூக்குதான் போச்சு."

அவள் வெகுநேரம் அழுதாள். எனக்கும் அழுகை வந்தது.

நாளை விமானம். அக்கா புதுத் தூள் பொட்டலம் கட்டித் தந்திருக்கிறாள். அதை அங்கே சரோஜா பிரித்து முகர்ந்து, ஊர் எப்படி இருக்கிறது என்று எனக்குச் சொல்ல வேண்டும்.