ஹீட்டர் புத்தகத்தில் பிள்ளையார் சுழி

கராஜில் மூன்று பேர் இருந்தோம். ஹீட்டர் மாட்ட வந்த பிளம்பர். காலேஜ் லீவுக்கு வந்திருந்த என் மகள் காவ்யா. டார்ச் பிடித்துக்கொண்டு நான்.

பிளம்பர் பெட்டியைக் கிழித்தார். மேனுவலை எடுத்து, பார்க்காமலே என் கையில் கொடுத்தார். எந்த பிளம்பரும் பார்ப்பதில்லை. புது மை வாசனை. அதற்காகத்தான் பிரித்தேன். வலது மூலையில், கொசு உட்கார்ந்த மாதிரி ஒரு ‘உ’.

“அப்பா, இஸ் தட் டமில்?” என்றாள் காவ்யா.

ஆமாம் என்றேன். அதற்கு மேல் அவளிடம் சொல்லவில்லை. உங்களிடம் சொல்கிறேன்.

எனக்குப் படிப்பு பத்தாவதோடு சரி. ஈரோட்டில் பிரஸ் வேலை. அக்கா க்ரீன் கார்டுக்குப் பெட்டிஷன் போட்டு இங்கே வந்தேன். ரிச்சர்ட்சனில் ஒரு சின்ன ஆபீஸில் பிரின்ட் எடுத்து பைண்ட் பண்ணும் வேலை. பல கம்பெனிகளுக்கு மேனுவல் எழுதித் தரும் ஆபீஸ் அது. முதலாளி சுந்தரம் சார். எழுதுவது கோமதி, கோயமுத்தூர் இன்ஜினியர்.

கோமதியின் ஏற்பாடு எனக்கு உடனே பிடிபட்டது. கரண்டை அணை, ஈரக்கையோடு தொடாதே, இதெல்லாம் ஹீட்டருக்கும் பம்ப்புக்கும் ஒன்றுதானே. ஒரு தடவை எழுதித் துண்டு துண்டாக வைத்துக்கொள்வார். எந்தக் கம்பெனி கேட்டாலும் துண்டுகளைக் கோத்து, பேரையும் படத்தையும் மாற்றினால் புத்தகம். ஈரோட்டில் கல்யாணப் பத்திரிகையை நாங்கள் அப்படித்தான் அடித்தோம். ‘சுற்றமும் நட்பும் சூழ’ மாறாது, மாப்பிள்ளை பேர்தான் மாறும். ஒரு தடவை அதையும் மாற்றாமல் அடித்துவிட்டேன். அது வேறு கதை.

எதை ஆரம்பித்தாலும் கோமதி உ போட்டுத்தான் ஆரம்பிப்பார். அந்தப் பொது ஃபைலின் மூலையிலும் போட்டார். அப்புறம் எடுத்துவிடலாம் என்று நினைத்தார். எடுக்கவில்லை. அதிலிருந்து பிறந்த புத்தகம் எல்லாவற்றிலும் முதல் பக்கத்தில் அது போய்விட்டது.

ஹீட்டர் கம்பெனியிலிருந்து டோனா என்கிற அம்மா போன் செய்தார். மூலையில் ஒரு குறி இருக்கிறதே, என்ன அது?

கோமதியின் க்ரீன் கார்டு எங்கள் ஆபீஸ் மூலமாகப் போட்டது. ஆபீஸ் ஓடியது டோனா கம்பெனியால். கோமதி போனைச் சுந்தரம் சாரிடம் கொடுத்துவிட்டார்.

சுந்தரம் சார் அசரவில்லை. முதல் செக்கிங் முடிந்ததற்கு அடையாளம் மேடம் என்றார், இங்கிலீஷில்.

டோனாவுக்கு ரொம்பத் திருப்தி. அப்படியானால் எல்லாப் பக்கத்திலும் போடுங்கள் என்று வைத்துவிட்டார்.

“கோமதி, பிள்ளையார க்வாலிட்டி இன்ஸ்பெக்டர் ஆக்கிட்டியேம்மா.”

“நான் உக்கார மட்டும்தான் வெச்சேன் சார். வேலை போட்டுக் குடுத்தது நீங்க.” என் பக்கம் திரும்பினார். “நீங்க என்னண்ணா சொல்றீங்க?”

“பேப்பர் தீந்துருச்சு” என்றேன்.

போட்டோம். ஆனால் கோமதிக்கு மனசு கேட்கவில்லை. பொய்க்குச் சாமியைச் சாட்சிக்குக் கூப்பிட்ட மாதிரி இருக்கு என்பார். கான்ட்ராக்ட் புதுப்பிக்கிற மாதம், அடுத்த புத்தகத்தில் சத்தமில்லாமல் அத்தனையையும் எடுத்துவிட்டார்.

அனுப்பின புத்தகப் பெட்டி முழுசாகத் திரும்பி வந்தது. செக்கிங் செய்யாத புத்தகத்தை வாங்க முடியாது, கான்ட்ராக்டையும் நிறுத்தி வைத்திருக்கிறோம் என்று டோனாவின் மெயில்.

கோமதி பிரின்டர் பக்கத்தில் வந்து நின்றார். “கார்டு போச்சுண்ணா. மூட்டை கட்ட வேண்டியதுதான்.”

“திரும்பப் போட்டுக் குடுங்க. அடிச்சுடலாம்.”

போட்டார். வேறு ஒரு எழுத்து மாறவில்லை. யாரும் படித்தும் பார்க்கவில்லை. உ மட்டும் ஏறியது. அதே பெட்டியில் வைத்து அனுப்பினேன். தரம் நன்றாக உயர்ந்திருக்கிறது என்று டோனா எழுதினார். கான்ட்ராக்டில் கையெழுத்தும் ஆனது.

கோமதிக்குக் கார்டு வந்தது, சான்டா கிளாரா போய்விட்டார். சுந்தரம் சார் ஆபீஸை மூடினார். அந்த இடத்தில் இப்போது பல் டாக்டர். டோனா ரிட்டயர் ஆகியிருப்பார். இப்போது மேனுவலைக் கம்ப்யூட்டரே எழுதுகிறதாம், பழைய துண்டுகளைக் கோத்து. காவ்யா சொன்னாள். உ எதற்கென்று அதற்கும் தெரியாது. எடுக்க பயம் போல.

பிளம்பர் போன பிறகு கராஜிலேயே உட்கார்ந்து, பக்கம் பக்கமாக உ எத்தனை என்று எண்ணினேன்.

நாற்பத்தெட்டு.