ஓம் இல்லாத மொழி

ஆங்கிலேயர் அதைக் கேலிக் என்பார்கள். ஸ்கொட்லாந்துத் தீவுகளில் அதைப் பேசுவோர் காலிக் என்பார்கள். எழுபதைக் கடந்த நான் அந்த மொழியைக் கற்கத் தொடங்கியபோது, லண்டன் வெம்பிளித் தமிழர் முதல் உச்சரிப்பையே விரும்பினார்கள். பலசரக்குக் கடையில் என் முதுகுக்குப் பின்னால், "ஐயா கேலி படிக்கிறாராம்" என்றார் ஒருவர். "ஏன், வீட்டிலை மனிசி செய்யிறது காணாதோ?" என்றார் மற்றவர். நான் திரும்பவில்லை. முருங்கைக்காய் தெரிந்தெடுத்து முடித்தேன்.

சனிக்கிழமைகளில், நகர நடுவே ஒரு தேவாலய மண்டபத்தில் வகுப்பு. ஆசிரியை மேற்குத் தீவொன்றில் பிறந்தவர். இலக்கண நூலை அவர் திறப்பதில்லை. ஆடு மேய்க்க நிலம் வேண்டிக் குடியானவர்களின் கூரைகளைக் கொளுத்திய நிலக்கிழார்களின் வரலாற்றைச் சொல்வார். அதிலிருந்தே வீடு, நெருப்பு, கப்பல் என்னும் சொற்களைக் கற்பிப்பார். யாழ்ப்பாணத்துப் போரிலிருந்து வந்த எனக்குக் கூரை எரிவதை எவரும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

ஒருநாள் கடல்நாய்ப் பெண்ணின் கதை. அவள் கரையில் தன் கடல்நாய்த் தோலைக் கழற்றிவைத்துப் பெண்ணாக நிற்கிறாள்; மீனவன் அத்தோலை ஒளித்துவிட்டு, "என்னோடு வருவாயா?" என்று கேட்கிறான். மறுமொழி சொல்லுமாறு ஆசிரியை என்னைப் பார்த்தார்.

"ஓம்" என்றேன், பழக்கத்தில்.

அருகிலிருந்த ஆங்கிலப் பெண்மணி கைகூப்பிக் கண்களை மூடி, "ஓ...ம்" என்று நீட்டி இழுத்தார். பின்வரிசையும் சேர்ந்துகொண்டது.

"அம்மணி, இது மந்திரமல்ல. யாழ்ப்பாணத்தில் சம்மதம் சொல்லும் சொல்" என்றேன்.

ஆசிரியை சிரித்தார். காலிக்கில் ஆம் என்றொரு சொல்லே இல்லையாம். இல்லை என்பதும் இல்லையாம். கேட்ட வினைச்சொல்லையே திருப்பிச் சொல்லவேண்டும். வருவதானால் 'ஹிக்', வராவிட்டால் 'ஹா சிக்'. மற்றவர்கள் தடுமாறினார்கள். சாப்பிட்டாயா என்றால் சாப்பிட்டேன் என்று சொல்லி வளர்ந்த எனக்கு அதில் என்ன தடுமாற்றம்?

எங்கள் தமிழ்ச் சங்கம் நடத்தும் பேச்சுப் போட்டிக்கு நெடுங்காலம் நானே தலைமை நடுவர். லண்டனில் நான் பெற்ற மதிப்பெல்லாம் அந்த இருக்கையில்தான் இருந்தது. அவ்வாண்டுப் போட்டிக்கு முன் சங்கச் செயலாளர் வீடு தேடி வந்தார்.

"ஐயா, குறை நினையாதேங்கோ. சனம் கதைக்குது. தமிழ்ப் போட்டி நடுவர் வேறை பாஷைக்குப் பின்னாலை திரியிறார் எண்டு."

"உம்மடை மகள் பிரெஞ்சு படிக்கிறா. அதுக்கு ஆர் கதைக்கினம்?"

"அது வேலைக்கு ஐயா. இது சாகிற பாஷையெல்லோ?"

"அதைப் பேசின பிள்ளையளுக்குப் பள்ளிக்கூடத்திலை அடிச்சவை. அதுக்குப் பிறகும் கிடக்குது, தம்பி. சாகிறதெண்டு உமக்கு ஆர் சொன்னது?"

அவர் தேநீர்க் கோப்பையைக் கீழே வைத்தார். "போட்டி முடியுமட்டுமாவது வகுப்பை நிப்பாட்டுவியளோ? இல்லாட்டிக் கமிட்டி வேறை ஆளைப் போடும்."

ஓம் என்றிருந்தால் இருக்கை எனக்கே. வெறும் இல்லை என்றிருந்தால் அவர் மாலைவரை மன்றாடியிருப்பார். நான் வினைச்சொல்லால் மறுமொழி சொன்னேன்.

"நிப்பாட்டமாட்டன்."

போட்டியன்று என் இருக்கையில் வேறொருவர் இருந்தார். அது சனிக்கிழமை, எனக்கு வகுப்பு இருந்தது. கடல்நாய்ப் பெண்ணின் கதையை முழுவதும் காலிக்கில் நான் சொன்னேன். ஒளித்த தோல் அவளுக்குக் கிடைத்துவிடுகிறது. அவள் கடலில் இறங்குகிறாள். திரும்பி வருவாயா என்று மீனவன் கரையிலிருந்து கூவுகிறான்.

"ஹா சிக்" என்று அவள் சொல்லுமிடத்தில், மண்டபத்தின் கடைசி வரிசைக்கும் கேட்கும்படி குரலை உயர்த்தினேன்.