முன் சக்கரத்து வீக்கம்

அந்தத் திங்கட்கிழமை காலை, என் வேனின் முன் டயரில் எலுமிச்சம்பழ அளவு வீக்கம் இருந்ததை நான் பார்த்தேன். மணி ஏழு இருபது. ஏழரைக்கு ராகுகாலம். டயர் மாற்ற நின்றால் நல்ல நேரம் போய்விடும். தங்கை பேத்தியின் காதுகுத்துக்கு மேலூர் போக உள்ளே பதினோரு பேர் காத்திருந்தார்கள். வீக்கத்தின் மேலேயே சந்தனத்தை அப்பி, குங்குமமும் வைத்துக் கிளம்பினேன். நாலு புத்தகம் படித்தவனின் வைத்தியம்.

ஒத்தக்கடை தாண்டியதும் ஸ்டியரிங் நடுங்கியது.

"என்னங்க, வண்டி இப்பிடி ஆடுது?" என்றாள் மனைவி.

"ரோடு சரியில்ல."

ரோடு கண்ணாடி மாதிரி இருந்தது. நடுக்கம் என் தோள்வரை ஏறியது. வலப்பக்கம் ஒட்டி வந்த கல் லாரி விடாமல் ஹாரன் அடித்தது. திமிர் பிடித்தவன் என்று நினைத்தேன்.

"நிப்பாட்டுண்ணே! டயரு!" என்று கத்தினார் அதன் டிரைவர்.

நிறுத்தினேன். அவரும் லாரியை ஓரங்கட்டி இறங்கி வந்தார். சந்தனம் உதிர்ந்துபோய், வீக்கம் தேங்காய் அளவு ஆகியிருந்தது. பிளவில் கம்பி தெரிந்தது.

"இன்னுங் கொஞ்சம் போயிருந்தா வெடிச்சு உருண்டிருக்கும்ணே. அம்புட்டுப் பேரும்..." வேனுக்குள் குழந்தைகளைப் பார்த்தவர் அதோடு நிறுத்திக்கொண்டார். "காலையில பாக்கலையா?"

"இல்லையே" என்றேன்.

ஸ்டெப்னியை அவரே மாட்டிக் கொடுத்தார். அவரைக் கும்பிட்ட தங்கை என்னிடம் திரும்பி, "அண்ணே, நீங்க ஓட்டுனதாலதான் தப்பிச்சோம்" என்றாள். நான் மறுக்கவில்லை.

அந்தப் பதினோரு பேரும் இன்றும் என் வேனில் பயமில்லாமல் ஏறுகிறார்கள். எனக்கு அதுதான் பயமாக இருக்கிறது.