பவர் எவ்வளவு?

இணையத்தில் கண்ணாடி விற்பவர்கள் வாடிக்கையாளரின் பவரையும் முகவரியையும் வெளியே விட்டால் சட்டப்படி பொறுப்பு என்கிறார்கள். நல்லதுதான். எண்பதுகளில் தர்மபுரியில் நான் லென்ஸ் தேய்த்த கடையில், எங்களுக்குச் சட்டம் என்றால் முதலாளி காதர் பாய்தான்.

ஒருநாள் பாலக்கோட்டிலிருந்து ஓர் அம்மா வந்தார். வந்ததும் வராததுமாக, "பாய், பென்னாகரத்து டீச்சர் பொண்ணு இங்க கண்ணாடி போட்டுச்சாமே, பவர் எவ்வளவுங்க? என் பையனுக்குப் பேசிட்டிருக்கோம். சோடாபுட்டின்னா வேணாம்னுடுவேன்" என்றார்.

அந்தப் பெண்ணுக்கு மைனஸ் நாலு. "கண்ணாடியாலதாண்ணா ரெண்டு எடம் தட்டிப்போச்சு. யாருகிட்டயும் சொல்லிடாதீங்க" என்று கெஞ்சிவிட்டுப் போயிருந்தாள். என் வாய்தான் சும்மா இருக்காதே! 'அப்படி யாரும் வரலீங்க' என்று புளுகக் கிளம்பினேன். பாய் பார்த்த பார்வையில் அடங்கினேன்.

"யார் வந்தாங்க, யார் வரலைன்னு நாங்க சொல்றதில்லீங்கம்மா" என்றார் பாய்.

"ஒரு வார்த்தைதானுங்களே. யாருக்குத் தெரியப்போவுது?"

"சரிங்கம்மா. நாளைக்குப் பொண்ணு வூட்டுக்காரங்க வந்து மாப்பிள்ளையைப் பத்திக் கேட்டா, அவங்களுக்கும் அந்த ஒரு வார்த்தையைச் சொல்லிடட்டுங்களா?"

அந்த அம்மா சட்டென்று வாசல் பக்கம் திரும்பிப் பார்த்துக்கொண்டார். போன மாதம்தான் மகனை அழைத்துவந்து மைனஸ் மூன்றுக்குக் கண்ணாடி வாங்கி, "வெளியில தெரியக்கூடாதுங்க" என்று அவரே சொல்லிப் போயிருந்தார். நான் சிரிப்பை அடக்க முடியாமல் லென்ஸ் மேல் குனிந்துகொண்டேன்.

"பொல்லாத ஆளுங்க நீங்க!" என்று அவரும் சிரித்துவிட்டுப் பஸ் பிடிக்கப் போனார்.

கல்யாணம் நடந்தது. எங்களையும் அழைத்திருந்தார்கள். மேடையில் பெண்ணும் மாப்பிள்ளையும் கண்ணாடி இல்லாமல் நின்றார்கள். நான் கையாட்டினேன். இருவரும் என் பக்கத்திலிருந்த தூணைப் பார்த்து அன்பாகச் சிரித்தார்கள்.

அடுத்த வாரம் எங்களைப் பார்த்துவிட்டுப் போக ஜோடியாகக் கடைக்கு வந்தார்கள். பாய் ஒன்றுமே தெரியாதவர்போல, "வாங்க வாங்க, என்ன வேணுங்க?" என்றார்.

இருவரும் விழித்தார்கள். அவள்தான் முதலில் துணிந்தாள். கைப்பையிலிருந்து கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு, "ஸ்க்ரூ லூசாயிருக்குங்க" என்றாள். மாப்பிள்ளை அவளையே பார்த்தான். பிறகு மெல்லத் தன் சட்டைப்பையில் கைவிட்டான்.

"அட, நீங்களுமா!" என்று அவள் சிரித்த சிரிப்பில் கடையே அதிர்ந்தது.

எனக்கு ஒன்று அன்றைக்கே புரிந்துவிட்டது. வாடிக்கையாளரின் சேதி அவர் வாயால்தான் வெளியே வர வேண்டும். அதையே நாங்கள் முந்திக்கொண்டு சொல்லியிருந்தால், அந்தச் சிரிப்பு ஏது?