நூல் கோக்காத நட்சத்திரம்

அந்த வாழ்த்து மடலை நான் சாளரத்துக்கு நேரே பிடித்துப் பார்த்தேன். நட்சத்திர வடிவில் ஊசித்துளைகள் மட்டும் இருந்தன. ஒரு துளையிலும் நூல் இல்லை. அப்போது கனடாவின் ஸ்காபரோவில் மன்னாரைச் சேர்ந்த அன்ரி ஒருவரின் வீட்டு பேஸ்மென்ட்டில் வாடகைக்கு இருந்தேன். டிசம்பரில் நத்தார் பண்டிகைக்கு அவர் செய்யும் மடல்களைத் தபாலில் சேர்ப்பது என் பொறுப்பு. ஒட்டாத உறையைக் கண்டால் என் கை சும்மா இராது. எதையும் துருவிப் பார்க்கும் இந்த விடுப்புக் குணத்துக்காக மனைவி இன்றும் என்னை ஏசுவாள்.

பழைய மவுஸ் பாட் ஒன்றின்மேல் தடித்த கடதாசியை வைத்து, ஊசியால் துளையிட்டு, பிறகு வண்ண நூல் கோத்து அன்ரி பூவும் மணியும் தைப்பார். துணியென்றால் பிழையைப் பிரித்துவிடலாம், கடதாசியில் முடியாது. பிழையாய்ப் போன மட்டைகளில் கடைச் சாமான் எழுதி என்னிடம் தருவார். அவ்வளவு கவனமானவர் நூல் கோக்க மறப்பாரா? கேட்டேவிட்டேன்.

“மறக்கேல்லை. உது தங்கச்சிக்கு. துளை போடுறது நான், நூல் கோக்கிறது அவள். சின்னனிலையிருந்து அப்பிடித்தான்.”

தங்கை விட்பியில் இருந்தார், காரில் அரை மணித்தியாலம். அன்ரியின் கணவருடைய செத்தவீட்டுக்கு அவர் வரவில்லை; ஏன் என்று அன்ரியும் கேட்கவில்லை. ஆறு வருஷமாகப் பேச்சே இல்லை. எனக்கென்றால் ஆறு நாளில் தலை வெடித்திருக்கும். அது பிடிவாதமா பயமா என்று அப்போது எனக்குப் பிரித்தறியத் தெரியவில்லை.

“போன் எடுத்துக் கேளுங்கோவன், அன்ரி.”

“உமக்கு விளங்காது, தம்பி. உந்த மடலைத் தபாலிலை போட்டிட்டு வாரும்.”

அதன்பிறகு தபால்பெட்டியை அன்ரியைவிட நான்தான் அடிக்கடி திறந்தேன். நத்தார் வந்து போனது. தங்கை அதைக் குப்பையில் போட்டிருப்பார் என்றே நினைத்தேன். ஜனவரியில் தடித்த உறையொன்று வந்தது. அதே மடல். நட்சத்திரத்தின் பாதி சிவப்பு நூலில் தைக்கப்பட்டிருந்தது. மீதி வெறும் துளை. ஊசி நூலோடு அதிலேயே குத்தியிருந்தது. அன்ரி முதலில் பின்பக்கத்தைத்தான் பார்த்தார்.

“இப்பவும் இழுத்துத்தான் தைக்கிறாள். பேப்பர் கிழியப்போகுது,” என்று ஏசினார். பிறகு ஜாக்கெட்டை எடுத்தார். “காரை எடும், தம்பி.”

தங்கைதான் கதவைத் திறந்தார். அன்ரி சுகம்கூட விசாரிக்கவில்லை.

“ஏனடி வரேல்லை?”

“வந்தனான், அக்கா. பியூனரல் ஹோம் வாசலிலை காருக்குள்ளை இருந்தனான். அத்தானைப் பெட்டிக்குள்ளை பார்க்க ஏலாமல் திரும்பிட்டன். அதை உனக்கு எப்பிடிச் சொல்லுறது?”

பனி ஒட்டிய சப்பாத்தைக்கூடக் கழற்றாமல் அன்ரி தங்கையின் கையைப் பிடித்துக்கொண்டு உள்ளே போனார்.